நீண்ட பயணத்துக்கு ஒரு பெரிய ஸ்கூட்டர்: எந்த வசதிக்கு முதலிடம்?

பெரிய ஸ்கூட்டரின் விளம்பரத் தாளைப் பிரித்தால் வசதிகளின் பட்டியல் முழ நீளத்துக்கு இருக்கும். வண்ணத் திரை, சூடேறும் கைப்பிடி, சாவி நுழைக்காமலே கிளம்பும் எஞ்சின், பொத்தானை அழுத்தினால் உயரும் முன்கண்ணாடி என்று அது நீளும். இவற்றில் பல, பாரிஸிலும் மிலானிலும் குளிர்காலக் காலையில் வேலைக்குப் போகிறவரை நினைத்துச் செய்தவை. சிங்கப்பூரில் ஓட்டுகிறவரின் நாள் வேறு மாதிரி. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளில் வெயில் 31 முதல் 33 பாகை வரை போகிறது. வார நாள்களில் தீவு விரைவுச்சாலை நெரிசல், விடுமுறை வந்தால் உட்லண்ட்ஸ் கடற்பால வரிசை. அதைத் தாண்டினால் கோலாலம்பூர் வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர், பினாங்கு வரை அதைப்போல் இரு மடங்கு. ஊருக்குள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தேக்கா சந்தை, சிராங்கூன் சாலைக் கூட்டம், முஸ்தஃபாவில் வாங்கிய சாமான்களோடு வீடு திரும்பல்.

ஆகவே வசதிகளை ஒப்பிடும்போது விளம்பரத் தாளின் வரிசையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வசதிக்கும் ஒரே கேள்வி போதும்: இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா? கைப்பேசிக்கு மின்னேற்றும் துளையையும் பின்பெட்டியையும் சூடேறும் கைப்பிடியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். சீட்டின் உயரமும் அகலமும், வண்டியின் எடை, கால் நீட்டும் இடம், சீட்டுக்கு அடியில் உள்ள கொள்ளளவு, டேங்க் அளவு, எஞ்சின் வெப்பம் வெளியேறும் வழி ஆகியவை பிறவிக் குணங்கள். இந்த அத்தியாயம் பிறவிக் குணங்களிலிருந்து தொடங்குகிறது.

உரிமமும் செலவும்

சிங்கப்பூரில் 200 சிசி வரை 2பி உரிமம், 201 முதல் 400 சிசி வரை 2ஏ, அதற்கு மேல் 2. ஒவ்வொரு படியிலும் ஓராண்டாவது இருந்த பிறகே அடுத்த படிக்குப் போகலாம். பெரிய பயண ஸ்கூட்டர் என்று இங்கே சொல்வது 2ஏ, 2 ஆகிய இரு வகுப்புகளில் வருபவற்றை. பிசிஎக்ஸ், என்மேக்ஸ் போன்ற 2பி வண்டிகளில் மலேசியாவுக்குப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் பின்னால் ஆளும் பெட்டியும் ஏறிய பிறகு லாரியை முந்த மிச்ச வேகம் வேண்டும். அந்த மிச்சம் 300 சிசிக்கு மேல்தான் வசதியாகக் கிடைக்கிறது.

விலையில் வண்டியின் மதிப்பு ஒரு பகுதிதான். 10 ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் தனி. கூடுதல் பதிவுக் கட்டணமும் உண்டு. வண்டியின் சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000 வெள்ளிக்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் முழு 100 விழுக்காடு. அதாவது விலை உயர்ந்த வண்டியில் கடைசியாகச் சேரும் ஒவ்வொரு மின்னணு வசதிக்கும் நீங்கள் ஏறத்தாழ இரு மடங்கு கட்டுகிறீர்கள். வேண்டாத வசதிக்குப் பணம் போடக்கூடாது என்பதற்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஒரே பார்வையில் எட்டு வண்டிகள்

கீழே உள்ள அளவுகள் உற்பத்தி நிறுவனங்கள் சொல்பவை. தயாரிப்பு ஆண்டைப் பொறுத்துச் சிறிது மாறும். எடை, பெட்ரோல் நிரப்பிய நிலையில்.

| வண்டி | எஞ்சின் (சிசி) | சீட் உயரம் (மி.மீ.) | எடை (கிலோ, சுமார்) | டேங்க் (லிட்டர்) |
|---|---|---|---|---|
| யமஹா எக்ஸ்மேக்ஸ் 300 | 292 | 795 | 180 | 13 |
| ஹோண்டா ஃபோர்ஸா 350 | 330 | 780 | 185 | 11.7 |
| ஹோண்டா ஏடிவி350 | 330 | 795 | 186 | 11.7 |
| பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி | 350 | 775 | 214 | 12.8 |
| சுசுகி பர்க்மேன் 400 | 400 | 755 | 218 | 13.5 |
| யமஹா டிமேக்ஸ் 560 | 562 | 800 | 220 | 15 |
| ஹோண்டா ஃபோர்ஸா 750 | 745 | 790 | 235 | 13.2 |
| ஹோண்டா எக்ஸ்-ஏடிவி | 745 | 820 | 236 | 13.2 |

முதல் ஐந்தும் 2ஏ, கடைசி மூன்றும் 2. பழைய வண்டிச் சந்தையில் கிம்கோ, எஸ்ஒய்எம் வண்டிகளும் வரும். அவற்றையும் இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

சீட்டும் காலும்

சீட் உயரம் என்ற எண் பாதி உண்மைதான் சொல்லும். பெரிய ஸ்கூட்டரின் சீட் அகலமானது. இரண்டு தொடைகளும் வெளிப்பக்கம் விரிவதால், அதே உயரமுள்ள மோட்டார்சைக்கிளில் தரையைத் தொடும் கால் இதில் நுனிவிரலில் நிற்கும். எனவே 795 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 780 என்பதைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். வழக்கமாகப் போடும் காலணியோடு ஏறி உட்கார்ந்து, வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இரு கால்களின் முன்பாதமும் அழுத்தமாகத் தரையில் பதிந்தால் போதும்.

இந்தச் சோதனை முக்கியமாக இருப்பதற்குக் காரணம் கடற்பாலம். உட்லண்ட்ஸில் தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை பைக் வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. அங்கே வண்டியைத் தாங்குவது உங்கள் கால்தான். எக்ஸ்மேக்ஸுக்கும் எக்ஸ்-ஏடிவிக்கும் எடையில் 50 கிலோவுக்கு மேல் வேறுபாடு. நெடுஞ்சாலையில் அந்த எடை நிதானம் தரும், வரிசையில் முழங்காலில் இறங்கும். பர்க்மேன் எடை மிகுந்தது. ஆனால் அதன் சீட் பட்டியலிலேயே தாழ்ந்தது. உயரம் குறைந்தவர்களுக்கு எடையின் ஒரு பகுதியை அந்தத் தாழ்வு ஈடுகட்டிவிடும்.

அடுத்தது கால் நீட்டும் இடம். நல்ல பயண ஸ்கூட்டரில் பாதத்தைச் சமமாகவும் வைக்கலாம், முன்பக்கச் சாய்வில் நீட்டியும் வைக்கலாம். இரண்டு நிலைக்கும் மாறி மாறிப் போக முடிந்தால் இடுப்பு வலி தள்ளிப்போகும். உயரமானவர்கள் ஹாண்டிலை முழுதாகத் திருப்பி முழங்காலில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ஓட்டுநரின் முதுகைத் தாங்கும் சிறிய திண்டை முன்பின்னாக நகர்த்தலாம். டிமேக்ஸில் இது உண்டு. சின்ன வசதிதான், ஆனால் இரண்டாம் மணி நேரத்தில் முதுகு அதற்கு நன்றி சொல்லும்.

கடையில் ஐந்து நிமிடம் உட்காரும்போது எல்லாச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். மிருதுவான சீட் முதல் அரை மணி நேரத்துக்கு மெத்தென்று இருந்துவிட்டுப் பிறகு அமுங்கி அடித்தகட்டை உணர்த்திவிடும். கொஞ்சம் கெட்டியான, அகலமான சீட்டே தொலைதூரத்துக்கு நல்லது. அதே வண்டியை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால், பாகோ ஓய்வுத்தளம் வரை போனபோது உட்காருமிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

முன்கண்ணாடி

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. இந்த 20 கிலோமீட்டர் வேறுபாட்டில்தான் முன்கண்ணாடியின் குணம் வெளிப்படுகிறது. 90-ல் அமைதியாக இருந்த காற்று 110-ல் தலைக்கவசத்தைப் பிடித்து உலுக்கலாம். உள்ளூரில் ஓட்டிப்பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. எனவே உயரத்தை மாற்றக்கூடிய கண்ணாடி உள்ள வண்டிக்கு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

மாற்றும் முறை மூன்று. ஃபோர்ஸா 350-ல் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி உயரும், தாழும். ஓடும்போதே செய்யலாம். ஏடிவி350-ல் கையால் இழுத்து நான்கு நிலைகளில் நிறுத்தலாம். எக்ஸ்மேக்ஸில் திருகைக் கழற்றி இரண்டு நிலைகளில் ஒன்றில் பொருத்த வேண்டும். திருகு முறையில் எவரும் பயணத்தின் நடுவில் மாற்றமாட்டார்கள். ஊருக்குள் தாழ்வாகவும் நெடுஞ்சாலையில் உயரமாகவும் வைக்க விரும்புகிறவருக்குப் பொத்தான் முறை உண்மையான வசதி. மின்னணு வசதிகளில் நம் ஊருக்குக் காசு கொடுத்து வாங்கத்தக்கது என்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தாழ்வாக வைக்க வேண்டியதும் இந்த ஊரில் அவசியம். உயர்ந்த கண்ணாடி காற்றைத் தடுக்கும்போது மார்பில் படும் குளிர்ச்சியையும் தடுத்துவிடுகிறது. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நண்பகல் நெரிசலில் கவச உடையோடு ஊர்ந்தால் வியர்வை ஊற்றும். மழையில் வேறொரு சங்கடம். கண்ணாடிக்குத் துடைப்பான் கிடையாது. கண்ணாடியின் மேல்விளிம்புக்கு மேலாகச் சாலையைப் பார்க்க முடிய வேண்டும். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிகிறது என்றால் இரவு மழையில் எதிரே வரும் விளக்குகள் துளித்துளியாகச் சிதறித் தெரியும். மிக உயரமான கண்ணாடியைப் பின்னால் வாங்கிப் பொருத்துகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் உயரத்துக்கு எது சரி என்று கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் சற்றே குனியுங்கள். இரைச்சல் குறைந்தால் கண்ணாடி இன்னும் உயர வேண்டும். நிமிர்ந்து கழுத்தை உயர்த்தும்போது இரைச்சல் குறைந்தால் கண்ணாடி தாழ வேண்டும்.

சாமான் இடம்

இங்கே விலைப்பட்டியலுக்கு எதிரான உண்மை ஒன்று உண்டு. விலை கூடக் கூடச் சீட்டுக்கு அடியில் இடம் கூடுவதில்லை. ஃபோர்ஸா 350-ல் சுமார் 48 லிட்டர், எக்ஸ்மேக்ஸில் சுமார் 45 லிட்டர். இரண்டிலும் முகம் மூடிய தலைக்கவசங்கள் இரண்டை வைக்கலாம். டிமேக்ஸில் முகம் மூடிய கவசம் ஒன்றுதான். 745 சிசி எஞ்சின் கொண்ட ஃபோர்ஸா 750, எக்ஸ்-ஏடிவி இரண்டிலும் 22 லிட்டர்தான். பெரிய எஞ்சினும் பெரிய சக்கரமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. இரட்டை விலை கொடுத்து வாங்கிய வண்டியில் இரண்டாவது தலைக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியா ஆர்கேடில் நடக்க வேண்டியிருந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். பின்பெட்டி பொருத்தினால் தீரும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி வேறு வழி கண்டிருக்கிறது. நிறுத்தியிருக்கும்போது சீட்டின் அடித்தளம் கீழ்நோக்கி விரிந்து தலைக்கவசத்துக்கு இடம் தரும். விரித்த நிலையில் எஞ்சின் கிளம்பாது. நிறுத்திவிட்டு நடந்து போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஓடும்போது சாமான் எடுத்துப்போக நினைப்பவருக்கு அந்த இடம் இல்லை என்று கொள்ளுங்கள்.

சிறிய ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெரிய ஸ்கூட்டர்களின் நடுவில் உயரமான முதுகுபோன்ற பகுதி உண்டு. தட்டையான கால்தளம் கிடையாது. பஃபலோ சாலையில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பையைக் காலுக்கு நடுவில் வைத்து ஓட்டுகிற பழக்கம் இங்கே நடக்காது. அது சீட்டுக்கு அடியிலோ பின்பெட்டியிலோதான் போக வேண்டும். பின்பெட்டியில் கனத்தை ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் லேசாகி ஹாண்டில் ஆடும். கனமானது சீட்டுக்கு அடியில், லேசானது பெட்டியில் என்பதே விதி. பெட்டியின் மூடியில் எழுதியிருக்கும் எடை வரம்பை மதியுங்கள்.

சீட்டுக்கு அடியில் எஞ்சின் வெப்பம் ஏறும். தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரம் வீடு சேர்வதற்குள் வாடிவிடும். பால், மீன், இனிப்பு, மாத்திரை ஆகியவற்றைப் பெட்டியில் வையுங்கள்.

முன்பக்கச் சிறு அறைகள்தான் எல்லை தாண்டுகிறவருக்கு அதிகம் பயன்படும். கடவுச்சீட்டையும் அட்டையையும் வண்டியிலிருந்து இறங்காமல் எடுக்க வேண்டும். எக்ஸ்மேக்ஸில் இரு பக்கமும் அறைகள் உண்டு, ஒன்றைப் பூட்டலாம். கையுறையோடு திறக்க முடிகிறதா, மழையில் தண்ணீர் புகுகிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டை எப்படியும் நெகிழிப் பையில் போட்டே வையுங்கள்.

பக்கவாட்டுப் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. சோதனைச்சாவடியின் பைக் தடங்களிலும் வரிசைகளின் இடைவெளியிலும் அகலம்தான் சிக்கல். பெட்டி பின்னால் இருந்தால் முன்னால் நுழைந்த இடத்தில் பின்பகுதியும் நுழையும்.

பின்னால் உட்காருகிறவர்

பெரிய ஸ்கூட்டர் வாங்கப் பலர் சொல்லும் காரணம் மனைவியோடு பத்துமலைக்கும் மலாக்காவுக்கும் போகலாம் என்பது. ஆனால் கடைக்குத் தனியாகப் போய் வாங்கிவிடுகிறார்கள். பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துப்போய்ப் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். மூன்று விஷயங்களை அவரே சொல்லட்டும். இடுப்பு விரிந்து வலிக்கிறதா? பாதம் வைக்கும் இடம் முழங்காலை அதிகம் மடக்குகிறதா? பிடித்துக்கொள்ளும் கம்பி கைக்கு எட்டுகிறதா?

சிங்கப்பூரில் பின்னால் அமர்பவர் இரு பக்கமும் கால் போட்டே உட்கார வேண்டும். புடவையில் ஒருபக்கமாக அமர்வது இங்கே கிடையாது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றவும் கூடாது. பண்டிகை நாளில் கோயிலுக்குப் போகிறவர்கள் சுடிதாரில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். அதற்கான பை வைக்க இடம் வேண்டும் என்பதும் சாமான் கணக்கில் சேரும்.

முதுகுத் திண்டுள்ள பின்பெட்டி, பின்னால் அமர்பவருக்குத் தரும் நிம்மதியை வேறு எதுவும் தராது. பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கம்பியை இறுகப் பிடிக்கத் தேவை இருக்காது. ஆள் ஏறும் நாளில் பின் அதிர்வுதாங்கியின் இறுக்கத்தை ஒரு படி கூட்டுங்கள். டயர் காற்றையும் கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். பள்ளத்தில் விழும்போது முதுகில் இறங்கும் அடி குறையும்.

வெப்பமும் மழையும்

எஞ்சின் வெப்பத்தை எந்தத் தாளும் சொல்லாது. வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். குளிர்விப்பு விசிறி சுழலத் தொடங்கும்போது சூடான காற்று எங்கே வருகிறது என்று கவனியுங்கள். கணுக்காலிலா, தொடையிலா, பின்னால் அமர்பவரின் பாதத்திலா? கடற்பால வரிசையில் ஒரு மணி நேரம் அந்த இடம்தான் வெந்துகொண்டிருக்கும்.

மழைக்கு உதவும் வசதிகள் இரண்டு: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், சக்கரம் வழுக்காமல் காக்கும் இழுவைக் கட்டுப்பாடு. இவை இரண்டையும் பின்னால் சேர்க்க முடியாது. நம் சாலைகளில் ஈரமான வெள்ளைக் கோடுகளும் பாலங்களின் இரும்பு இணைப்புகளும் வழுக்கும். சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வீசும். நெரிசலைத் தவிர்க்கப் பயணிகள் கிளம்பும் நேரமும் அதுவே. துவாஸ் இரண்டாம் இணைப்பு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளமுள்ள திறந்த பாலம். உயர்ந்த கண்ணாடியும் பெரிய பின்பெட்டியும் பக்கக் காற்றை அப்படியே வாங்கும். காற்று பலமாக இருந்தால் கண்ணாடியைத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள். பயண நாளில் வானம் கறுத்தால் விரைவுச்சாலைப் பாலங்களின் கீழுள்ள மோட்டார்சைக்கிள் ஒதுங்குமிடத்தில் நின்று மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு சீட்டுக்கு அடியில் மேலாக இருக்க வேண்டும், தலைக்கவசத்துக்குக் கீழே அல்ல.

நிறுத்தும் வசதி

கியர் வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டால் உருளாது. பட்டையால் ஓடும் ஸ்கூட்டருக்கு அந்தப் பிடி இல்லை. எஞ்சினை அணைத்ததும் சரிவில் தானே நகரும். வீவக அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் இது தொல்லை தரும். ஆகவே நிறுத்து பிரேக் உள்ள வண்டிக்கு முன்னுரிமை கொடுங்கள். பர்க்மேன் 400-லும் எக்ஸ்-ஏடிவியிலும் அது உண்டு. இல்லாத வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தப் பழகுங்கள். நடுத்தாங்கியில் ஏற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்பதையும் கடையிலேயே செய்துபாருங்கள்.

நீளத்தில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். எக்ஸ்மேக்ஸும் டிமேக்ஸும் 2.2 மீட்டர் அளவில் நிற்கும். சிறியதாக இருக்கும் என்று 300 சிசியை வாங்குகிறவர் டன்லப் தெருப் பக்கம் இடம் தேடும்போது இதை உணர்வார்.

டேங்கும் பராமரிப்பும்

எக்ஸ்மேக்ஸ் 13 லிட்டரில் 350 கிலோமீட்டருக்கு மேல் போகும். டிமேக்ஸ் 15 லிட்டரில் 300-ஐ ஒட்டிப் போகும். 110 வேகத்தில் ஆளோடும் பெட்டியோடும் இரண்டுமே குறையும். மச்சாப், பாகோ, ஆயர் குரோ, சிரம்பான் என்று ஓய்வுத்தளங்கள் வரிசையாக இருப்பதால் டேங்க் அளவு நம் பயணங்களில் தலையாய கவலை அல்ல. சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகளுக்கு மலேசியாவில் ரான்95 கிடையாது, ரான்97 நிரப்ப வேண்டும். அந்த நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை என்பது நமக்குக் கிடைக்கும் சலுகை.

பின்சக்கரத்துக்கு விசை போகும் வழியும் வசதிதான். ஃபோர்ஸா 750, எக்ஸ்-ஏடிவி இரண்டும் சங்கிலியில் ஓடுபவை. மழை நாளுக்குப் பிறகு துடைத்து எண்ணெய் போட வேண்டும். மற்றவற்றுக்கு அந்த வேலை இல்லை. ஆனால் பட்டையைக் கையேடு சொல்லும் தூரத்தில் மாற்றியாக வேண்டும். பல வண்டிகளில் அது 20,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். பழைய வண்டி வாங்கும்போது பட்டையை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். நெடுஞ்சாலையில் பட்டை அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும்.

மின்னணு வசதிகள்

சாவி நுழைக்காத பூட்டு நல்லதுதான். ஆனால் சாவியைச் சீட்டுக்கு அடியில் வைத்து மூடும் பழக்கம் ஆபத்து. வண்டியைப் பொறுத்து அது உள்ளேயே பூட்டிக்கொள்ளலாம். மின்கலம் தீர்ந்தால் எப்படித் திறப்பது என்பதை வாங்கும் நாளிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். மாற்று மின்கலம் ஒன்று பணப்பையில் இருக்கட்டும். சாவி சட்டைப் பையில், மாற்றுச் சாவி வீட்டில்.

வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் வசதி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வலது மணிக்கட்டுக்கு ஓய்வு தரும். சிங்கப்பூருக்குள் அதற்கு வேலை இல்லை. மாதம் இருமுறை கோலாலம்பூர் போகிறவருக்கு அது தகும். சூடேறும் கைப்பிடியும் சீட்டும் கேமரன் மலையில் ஒரு விடியற்காலைக்கு இனிமையாக இருக்கும். அதற்காக விலை உயர்ந்த ரகத்துக்குப் போக வேண்டாம்.

கைப்பேசியை வழிகாட்டியாகப் பொருத்துகிறவர்கள் அதிர்வு தாங்கும் பிடிப்பானையே வாங்குங்கள். சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. மின்னியல் சாலைக் கட்டணத்தின் புதிய கருவி, மோட்டார்சைக்கிளுக்கு ஒரே பெட்டியாக ஹாண்டில் பக்கம் பொருத்தப்படுகிறது. அது வேகமானியை மறைக்கிறதா, ஹாண்டில் திரும்பும்போது இடிக்கிறதா, கைப்பேசிப் பிடிப்பானுக்கு மிச்ச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பொருளைப் பின்னால் பொருத்தினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை முதலில் பாருங்கள். மூன்று ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அங்கே சிக்கல் வரக் கூடாது.

யாருக்கு எது

வாரம் முழுதும் வேலைக்கு, எப்போதாவது ஜோகூர் பாருவுக்கும் மலாக்காவுக்கும் போகிறவருக்கு ஃபோர்ஸா 350 அல்லது எக்ஸ்மேக்ஸ் 300 போதும். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால், கண்ணாடியை அடிக்கடி மாற்றுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ஃபோர்ஸா. டேங்க் பெரியதாக வேண்டும், இரு பக்கமும் அறைகள் வேண்டும் என்றால் எக்ஸ்மேக்ஸ்.

இருவராக அதிகம் போகிறவர்கள், குறிப்பாக உயரம் குறைந்த ஓட்டுநர்கள், பர்க்மேன் 400-ஐத் தவறாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எடையைத் தாங்க முடிந்தால் அதன் தாழ்ந்த சீட்டும் அகலமும் இருவருக்கும் உகந்தவை.

2 வகுப்பு உரிமம் வைத்துக்கொண்டு பினாங்கு வரையும் அதற்கு அப்பாலும் அடிக்கடி போகிறவருக்கு டிமேக்ஸும் 745 சிசி வண்டிகளும் பொருந்தும். அவற்றில் நீங்கள் வாங்குவது முந்தும் வலிமையையும் நெடுஞ்சாலை நிதானத்தையும். சாமான் இடத்தைத் தனியாக வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைப் பயணத்துக்காக இவற்றை வாங்கினால் மிச்ச நாளெல்லாம் நெரிசலில் எடையைச் சுமப்பீர்கள்.

கடைக்குப் போகுமுன்

1. வழக்கமான காலணி, மேல்சட்டை, தலைக்கவசத்தோடு போங்கள். தலைக்கவசத்தைச் சீட்டுக்கு அடியில் வைத்து மூடிப் பாருங்கள்.
2. பின்னால் அமரப்போகிறவரை அழைத்துப்போங்கள்.
3. வண்டியை உட்கார்ந்தபடி பின்னுக்குத் தள்ளுங்கள், நடுத்தாங்கியில் ஏற்றுங்கள்.
4. பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள்.
5. ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள்.
6. கையுறையோடு எல்லா அறைகளையும் பொத்தான்களையும் இயக்குங்கள்.
7. பழைய வண்டி என்றால் உரிமைச் சான்றிதழில் மிச்சம் எத்தனை மாதம், பட்டை எப்போது மாற்றியது, டயரின் வயது என்ன என்று எழுதி வாங்குங்கள்.
8. விலை உயர்ந்த ரகத்துக்கும் சாதாரண ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, அதில் பின்னால் சேர்க்க முடிந்தவற்றை அடித்துவிடுங்கள்.

எட்டாவதைச் செய்த பிறகு தாளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளே மிஞ்சும். அந்த ஒன்றிரண்டுக்குத் தகுந்த விலைதானா என்று நீங்களே முடிவு செய்யலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கும், தண்ணீர் புகாத மழைக்கோட்டுக்கும், இருவருக்கும் பொருத்தமான தலைக்கவசத்துக்கும் செலவிடுங்கள். எந்த ரகத்தை வாங்கினாலும் ஒவ்வொரு பயணத்திலும் உங்களோடு வருபவை அவை.